ஜியோஜீப்ராவில் காட்டினால் கைதட்டுகிறார்கள், நோட்டில் வரைய வரவில்லை

விழுப்புரம் கணக்கு டீச்சர்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். 9ஆம் வகுப்பில் 43 பிள்ளைகள். லேபில் 10 கணினிகள், அதில் 8 ஓடுகின்றன. ஒரு புரொஜெக்டர் இருக்கிறது.

போன வாரம் செய்முறை வடிவியலில் செங்கோட்டு மையம், அதாவது முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக வரையும் மூன்று செங்கோடுகளும் சந்திக்கும் புள்ளி. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணம் போட்டு, மூன்று செங்கோடுகளும் வரைந்து, மேல் முனையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே இருந்த புள்ளி, செங்கோணம் வந்ததும் அந்த முனையிலேயே போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் "டீச்சர், வெளியே ஓடிடுச்சு!" என்று வகுப்பே கைதட்டியது. எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் 5, 6, 9 செ.மீ. பக்கங்கள் கொடுத்து நோட்டில் வரையச் சொன்னேன். சரியாக வரைந்தவர்கள் 11 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் மூன்று கோடுகளையும் எப்படியோ வளைத்து முக்கோணத்துக்கு உள்ளேயே சந்திக்க வைத்திருந்தார்கள். முதல் நாள் கண்ணெதிரே வெளியே போன புள்ளி அது. அதே பிள்ளைகள்தான் கைதட்டினார்கள்.

நான் எங்கே தவறவிட்டேன்? லேபுக்குக் கூட்டிப் போவதை நிறுத்த மனமில்லை. ஆனால் ஒரு பாடவேளை வீணாகிறது என்றால் அதுவும் பிள்ளைகளின் நேரம்தானே.

சேலம் லேப் பொறுப்பு:

மேடம், 43 பேருக்கு 8 கணினி என்றால் ஒன்றுக்கு ஐந்தாறு பேர். புரொஜெக்டரில் நீங்கள் காட்டுவதை நிறுத்திவிட்டு அவர்கள் கையில் மவுஸைக் கொடுங்கள். நாங்கள் வைத்திருக்கும் ஒரே விதி: மவுஸ் பிடித்தவர் பேசக்கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறும். இல்லாவிட்டால் வீட்டில் கணினி உள்ள ஒரு பையனே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடுவான்.

இணையத்தை நம்ப வேண்டாம். ஜியோஜீப்ரா கிளாசிக் 5இன் போர்ட்டபிள் பதிப்பைப் பென்டிரைவில் போட்டு எல்லாக் கணினிகளிலும் நகலெடுத்துவிடுங்கள். நிறுவத் தேவையில்லை, இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

கவராயம், புதுக்கோட்டை:

டீச்சர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 26 வருடமாக இதே பாடம் எடுக்கிறேன், இதே இடத்தில்தான் பிள்ளைகள் விழுவார்கள். மென்பொருள் வந்த பிறகு விழுவது கொஞ்சம் மறைவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் 5, 6, 9 முக்கோணத்தில் விரிகோணம் 5க்கும் 6க்கும் நடுவில் இருக்கிறது. அந்த முனையிலிருந்து 9 செ.மீ. பக்கத்துக்கு வரும் செங்கோடு மட்டும் உள்ளே விழும். மற்ற இரண்டுக்கும் 5 செ.மீ. பக்கத்தையும் 6 செ.மீ. பக்கத்தையும் நீட்டினால்தான் வேலை நடக்கும். நோட்டில் அந்த நீட்டலைச் செய்யவில்லை, அதனால்தான் கோட்டை வளைத்தார்கள்.

இப்போது ஜியோஜீப்ராவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். செங்குத்துக் கோடு கருவியை எடுத்து, புள்ளியையும் பக்கத்தையும் தொட்டிருப்பீர்கள். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு வந்திருக்கும். பக்கம் எட்டுகிறதா எட்டவில்லையா என்ற கேள்வியே அங்கே எழாது. பிள்ளைகள் கற்க வேண்டிய ஒரே கஷ்டமான படியை மென்பொருள் சத்தமில்லாமல் தானே செய்து முடித்துவிட்டது. புள்ளி வெளியே போனதைப் பார்த்தார்கள், எப்படிப் போனது என்பதைப் பார்க்கவில்லை. உங்கள் மேல் குறையில்லை, நானும் அப்படித்தான் இரண்டு வருடம் காட்டினேன்.

பழங்கால கிரேக்க வடிவியல் அறிஞர் யூக்ளிட் இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார். கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து செங்குத்து வரைவது அவருடைய முதல் புத்தகத்தில் 12ஆம் கூற்று. அதில் கொடுக்கப்படும் கோட்டை 'முடிவில்லாத கோடு' என்றே சொல்கிறார். நம் பிள்ளைகள் கையில் இருப்பதோ 5 செ.மீ. துண்டு.

நான் இப்போது செய்வது இது. கருவிப்பட்டையை மாற்றியமைக்கும் வசதி கிளாசிக் 5இல் உண்டு. செங்குத்துக் கோடு கருவியை எடுத்துவிடுங்கள். புள்ளி, கோட்டுத்துண்டு, கோடு, வட்டம், வெட்டும் புள்ளி, நகர்த்துதல் போதும். முக்கோணத்தைக் கோட்டுத்துண்டுகளால் போடச் சொல்லுங்கள். பிறகு நோட்டில் கவராயத்தால் செய்வதைப் போலவே, முனையை மையமாக வைத்து வட்டம் போட்டு எதிர்ப்பக்கத்தை இரண்டு இடத்தில் வெட்டச் சொல்லுங்கள். செங்கோடு வெளியே விழும் பக்கத்தில் இரண்டு புள்ளி கிடைக்கவே கிடைக்காது. வட்டத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதிகபட்சம் ஒன்றுதான். அங்கே பிள்ளைகள் திணறுவார்கள். திணற விடுங்கள், உடனே உதவிக்குப் போகாதீர்கள். அந்த மூன்று நிமிடம்தான் பாடம்.

இன்னொன்று. இழுப்பதற்கு முன்னால், புள்ளி எங்கே போகும் என்று நோட்டில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். குறித்தவன் தன் புள்ளி சரியா என்று பார்ப்பான். குறிக்காதவன் சும்மா வேடிக்கை பார்ப்பான்.

பத்தாம் வகுப்பு சார்:

கவராயம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடிப்பக்கத்தை அசைக்காமல், மேல் முனையை அடிக்கு இணையான ஒரு கோட்டில் மட்டும் நகர விட்டு, செங்கோட்டு மையத்துக்குத் தடம் பதியும் வசதியைப் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்தின் இரு முனைகள் வழியாகப் போகும் ஒரு பரவளையம் வரும், இருபடிச் சார்பின் வரைபடத்தில் வருகிற அதே வளைவு. அடுத்த வருடம் இருபடிச் சார்பின் வரைபடம் எடுக்கும்போது இதையே மறுபடி திறந்து காட்டலாம். ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ராவையும் சேர்த்து வைத்த பெயர்தானே ஜியோஜீப்ரா.

விழுப்புரம் கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கவராயம் ஐயா, நீங்கள் சொன்ன இடத்தைப் படித்ததும் என் நோட்டில் படம் போட்டுப் பார்த்தேன். அந்த நீட்டலை நான் வகுப்பில் வாயால்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று லேபில் செய்தோம். 8 குழு, மவுஸ் விதியோடு. மூன்றாவது கணினியில் ஒரு பெண், "டீச்சர், வட்டம் ஒரு இடத்துலதான் வெட்டுது, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்றாள். பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவள் வட்டத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், முக்கோணத்தையே அழித்து மறுபடி போட்டாள். பக்கத்துக் குழுவிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "கோடு பத்தல, நீட்டணும்" என்றான். அவன் முன் தேர்வில் கோட்டை வளைத்தவர்களில் ஒருவன்.

இன்று 4, 6, 8 கொடுத்தேன். வந்திருந்த 41 பேரில் 29 பேர் சரி. தவறிய 12 பேரில் 7 பேர் பக்கத்தை நீட்டியிருக்கிறார்கள், கவராயம் நழுவி வில் தப்பியிருக்கிறது. வாங்கிப் பார்த்தேன், பெட்டியோடு வந்த கவராயம், திருகு நிற்கவில்லை. திங்கட்கிழமை நல்ல கவராயம் நான்கு வாங்கிக்கொண்டு போகிறேன். அந்த 7 பேரும் மதிய இடைவேளையில் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.