புதுப்பிப்பு: ரீட்வெல்ட் சீராக்கத்தில் சீரியத்தின் யு-ஐசோ எதிர்மறையாக வந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. சீரியம் ஆக்சைடு பொடி, 0.3 மி.மீ. கேப்பிலரி (மெல்லிய குழாய்), மாலிப்டினம் எக்ஸ் கதிர், ஜிசாஸ்-2 நிரல். ரீட்வெல்ட் சீராக்கம் என்பது படிக மாதிரியுருவிலிருந்து கணக்கிட்ட விளிம்புவளைவை அளந்த எக்ஸ் கதிர் விளிம்புவளைவோடு பொருத்துவது. சீரியத்தின் யு-ஐசோ (அணு தன் இடத்தில் எவ்வளவு அதிர்கிறது என்ற அளவு; எதிர்மறையாக இருக்க முடியாது) பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன்.

முதலில் ஆக்சிஜன் இட நிரப்பலை (ஆக்சிஜன் இடங்களில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறது; 1 என்றால் முழுமை) தளர்த்திப் பார்த்தேன். அது 1-ஐத் தாண்டியது, சீரியம் அசையவில்லை.

பலித்தது உறிஞ்சுதல் திருத்தம்தான். உருளை மாதிரியில் குறைகோண உச்சிகள்தான் அதிகம் உறிஞ்சப்படுகின்றன. திருத்தாவிட்டால் உயர்கோண உச்சிகள் ஒப்பீட்டில் பெரிதாகத் தெரியும். அதை ஈடுகட்ட நிரல் யு-ஐசோவைக் கீழே தள்ளுகிறது. பொடியை எடைபோட்டு, அடைவு அடர்த்தியிலிருந்து (குழாயில் பொடி அடைந்திருக்கும் அடர்த்தி) மியூ-ஆர் (உறிஞ்சுதல் கெழுவை மாதிரியின் ஆரத்தால் பெருக்கியது) கணக்கிட்டேன்: சுமார் 1.3. அதை மாறிலியாக வைத்ததும் சீரியம் நேர்மதிப்புக்கு வந்தது. மியூ-ஆரைச் சீராக்க விடாதீர்கள், யு-ஐசோவோடு பின்னிக்கொள்ளும்.

எதிர்பாராதது: ஆர்-டபிள்யூபி (பொருத்தத்தின் பிழை அளவு) ஏறக்குறைய மாறவே இல்லை. பொருத்தம் அழகாக இருப்பதை மட்டும் நம்பினால் இந்தக் கோளாறு கண்ணில் படாது.

ஆக்சிஜனின் யு-ஐசோ மட்டும் இன்னும் ஊசலாடியது. 58 எலக்ட்ரான் சீரியத்தின் பக்கத்தில் 8 எலக்ட்ரான் ஆக்சிஜனின் குரல் எக்ஸ் கதிருக்குச் சரியாகக் கேட்பதில்லை. பின்புல வளைவை விவரிக்கும் உறுப்புகளைக் குறைத்ததும் அதுவும் நிலைத்தது. ஆக்சிஜன் மதிப்பு துல்லியமாக வேண்டுமானால் நியூட்ரான் தரவுதான் வழி.