டிராஃப்டுக்கு முந்தின ராத்திரி

குழு: பெரம்பூர் வீடு
9 ஆகஸ்ட் 2025, சனி

அண்ணன் (இரவு 8.04): நாளைக்கு ஏழரைக்கு கம்யூனிட்டி ஷீல்டு, லிவர்பூல் - கிரிஸ்டல் பேலஸ். மேட்ச் முடிஞ்சு சாப்பிட்டுட்டு 10 மணிக்கு எல்லாரும் நம்ம ஃபேண்டசி கால்பந்து டிராஃப்டுக்கு வந்துடணும். ஆப்புல இங்கிலாந்து பிரீமியர் லீக் பிளேயர்களை முறை வச்சு எடுத்து டீம் போடணும், அவங்க நிஜ மேட்ச்ல ஆடுறதுக்கு நமக்குப் பாயின்ட். நாம 8 பேர், ஆளுக்கு 15 பிளேயர். ஒருத்தர் எடுத்த பிளேயர் அடுத்தவங்களுக்குக் கிடையாது.

சித்தி: நான் இந்த வருஷம்தான் புதுசுப்பா. ஸ்நேக் வரிசைன்னியே, அது எப்படி?

அண்ணன்: முதல் சுத்து 1லேர்ந்து 8 வரைக்கும் போகும் சித்தி. அடுத்த சுத்து 8லேர்ந்து திரும்பி வரும். முதல் ஆளா வந்தா சாலாவோ ஹாலண்டோ உங்களுக்குத்தான். ஆனா அப்புறம் 16, 17லதான் உங்க முறை. கடைசியா வந்தா 8, 9 ரெண்டையும் சேர்த்து எடுத்துக்கலாம். வரிசையை ஆப்பே குலுக்கிப் போடும். அதனால ரெண்டுக்கும் ரெடியா இருங்க.

சித்தி: அப்போ சாலாதான். போன சீசன்ல 29 கோல், 18 அசிஸ்ட்.

தம்பி: டிசம்பர் 21லேர்ந்து ஜனவரி 18 வரைக்கும் மொராக்கோல ஆப்பிரிக்கக் கோப்பை இருக்கு சித்தி. சாலா எகிப்துக்குப் போயிடுவாரு. எம்பெமோ கேமரூனுக்கு. சாதா ஃபேண்டசின்னா வித்துட்டு வேற ஆளை வாங்கலாம். இதுல நல்ல ஆளுங்க எல்லாம் ஏற்கெனவே யார் டீம்லயாவது இருப்பாங்க. சாலாவை எடுங்க, தப்பில்ல. ஆனா எம்பெமோவையும் சேர்த்து எடுத்துடாதீங்க.

அக்கா: வாட்ச்லிஸ்ட், அதான் உங்களுக்கு வேணுங்கிற பிளேயர் லிஸ்ட், எல்லாரும் ஆப்புல இப்பவே போட்டுடுங்க, கெஞ்சிக் கேக்குறேன். போன வருஷம் மூணாவது சுத்துல எங்க தெருவுல கரண்ட் போச்சு, வைஃபையும் போச்சு. நான் டேட்டா போட்டு உள்ள வர்றதுக்குள்ள ரெண்டு பேரை ஆப்பே எடுத்து வச்சிருச்சு. அதுல ஒருத்தன் கால்ல அடிபட்டு உக்காந்திருந்தான். லிஸ்ட் இருந்திருந்தா அதுலேர்ந்துதான் எடுத்திருக்கும்.

பெரியப்பா (8.31): எல்லாரும் கோல் போடுறவனையே பேசுறீங்க. 5 டிஃபெண்டர் வேணுமே, யோசிச்சீங்களா?

அண்ணன்: அதைக் கடைசியில பாத்துக்கலாம் பெரியப்பா.

பெரியப்பா: இந்த வருஷம் அப்படி விடாதேடா. புது விதி வந்திருக்கு. ஒரு மேட்ச்ல பந்தை வெளிய தள்ளுற கிளியரன்ஸ், அடிக்கிற பந்தைத் தடுக்குற பிளாக், பாஸைக் குறுக்க மறிக்கிற இன்டர்செப்ஷன், எதிராளி கால்லேர்ந்து பறிக்கிற டேக்கிள் எல்லாம் சேர்ந்து 10 வந்தா டிஃபெண்டருக்கு 2 பாயின்ட். கோல் வாங்கித் தோத்தாலும் அந்த 2 வரும்.

பெரியப்பா: நான் முல்லை நகர் கிரவுண்டுல ஸ்டாப்பர் பேக் ஆடினவன். நெத்தியில பந்து வாங்கி, முட்டி தேஞ்சு வீட்டுக்கு வந்தா, "யாரு கோல் போட்டா?"ன்னுதான் கேப்பாங்க. நாங்க எத்தனை பந்தை வெளிய தள்ளினோம்னு ஒருத்தனும் எண்ணினதில்ல. இப்போ எண்ணுறாங்க. எனக்கு மனசு நெறஞ்சிருக்கு.

சித்தி: மாமா, அப்போ யாரை எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

பெரியப்பா: பெரிய டீம் டிஃபெண்டரை விடும்மா, அவங்களை முதல்லயே தூக்கிடுவாங்க. எப்பவும் பந்து தன் பாக்ஸுக்குள்ளயே சுத்துற டீமாப் பாரு. எவர்டன் டீம்ல டார்கோவ்ஸ்கி. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் டீம்ல மிலென்கோவிச், அவன் கார்னர்ல ஏறி கோலும் போடுவான். டிஃபெண்டர் கோல் போட்டா 6, ஃபார்வர்டுக்கு 4தான்.

தம்பி: மிட்ஃபீல்டருக்கு?

பெரியப்பா: அவங்களுக்கு 12 வேணும். ஆனா பந்தைத் திரும்பப் பிடிக்கிறதும் கணக்குல சேரும். ஃபாரஸ்ட் ஆண்டர்சனைக் குறிச்சு வச்சுக்கோ.

அண்ணன்: ஐசக் என்ன பண்றது பெரியப்பா? 23 கோல் போட்டவன்.

பெரியப்பா: நியூகாசில்ல இருக்க மாட்டேன்னு நிக்கிறான். எங்க, எப்போ ஆடுவான்னு தெரியாதவனுக்கு முதல் சுத்தைக் குடுக்காதே. ரெண்டாவதுல மிஞ்சினா எடு.

(8.52) பெரியப்பா ஒரு படம் அனுப்பினார்

நோட்டுப் பக்கம். நீல மையில 20 பேர், பக்கத்துல கிளப், சிலதுக்குச் சிவப்பு டிக்.

பாப்பா: தாத்தா, நான் உங்க வாட்ச்லிஸ்ட்ல ஏத்திட்டு இருக்கேன். 7வது பேரு புரியல, மை ஊறியிருக்கு.

பெரியப்பா: முரில்லோம்மா. ஃபாரஸ்ட். மிலென்கோவிச்சுக்குக் கீழ போடு.

பாப்பா: போட்டுட்டேன் தாத்தா. 8 சொல்லுங்க.