சந்தேகிக்கக் கற்ற மாணவர்கள் எதையுமே நம்ப மறுக்கும்போது என்ன செய்வது?

கேள்வி (உயர்நிலைப் பள்ளி ஆசிரியை)

வணக்கம். பதினான்கு, பதினைந்து வயது மாணவர்களுக்கு இணையத்தில் பரவும் பொய்ச் செய்திகளை இனங்காணக் கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. மாற்றியமைக்கப்பட்ட படங்கள், வெட்டி ஒட்டிய காணொளிகள், என்றோ நடந்த நிகழ்வின் புகைப்படத்தை இன்று நடந்ததாகக் காட்டும் பதிவுகள் ஆகியவற்றை வகுப்பில் காட்டி, ஏமாற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக விவாதித்து வருகிறோம். மாணவர்கள் ஆர்வத்தோடு கலந்துகொள்கிறார்கள். பொய்யைப் பிடிப்பதில் அவர்களுடைய வேகமும் கூடியிருக்கிறது.

என்னைக் கவலைப்படுத்துவது அதற்கு அடுத்தபடியாக நிகழ்வதுதான். ஆதாரங்களோடு பொறுப்பாக எழுதப்பட்ட ஒரு செய்தியைக் கொடுத்தாலும், "இதையும் யாராவது காசு கொடுத்து எழுத வைத்திருப்பார்கள்" என்கிறார்கள். மருத்துவ ஆய்வு ஒன்றைப் பற்றிப் பேசினால், "நாளைக்கே இதை மாற்றிச் சொல்வார்கள்" என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவால் எந்தப் படத்தையும் உருவாக்க முடியும் என்று அறிந்த பிறகு, உண்மையான படங்களையும் போலி என்று தள்ளிவிடுவது அவர்களுக்கு எளிதாகிவிட்டது. எல்லாவற்றையும் நம்புகிறவரைப் போலவே எதையும் நம்பாதவரும் சிந்திக்கும் உழைப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சந்தேகத்தோடு, நம்பத் தகுந்ததை நம்பவும் எப்படிக் கற்பிப்பது? வகுப்பில் நடைமுறைப்படுத்தக்கூடிய வழிகளைக் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (பள்ளி நூலகர்)

நீங்கள் கவனித்திருப்பதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். பொய்ச் செய்தி பரப்புபவர்களின் உத்திகளை முன்கூட்டியே காட்டி மாணவர்களைத் தயார்ப்படுத்தும் இணைய விளையாட்டுகள் சில ஆண்டுகளாகப் பல பள்ளிகளில் பயன்படுத்தப்படுகின்றன. அவை குறித்து முன்னர் நடந்த ஆய்வுகளின் தரவுகளை 2023இல் மோடிரூஸ்டா-கேலியன், ஹைம் ஆகிய இருவர் மீண்டும் ஆராய்ந்தார்கள். உண்மையையும் பொய்யையும் பிரித்தறியும் திறனை அந்த விளையாட்டுகள் வளர்த்ததாகச் சொல்வதைவிட, எதைப் பார்த்தாலும் "பொய்" என்று சொல்லும் போக்கை அதிகரித்தன என்று சொல்வதே பொருந்தும் என்பது அவர்கள் கண்ட முடிவு. எனவே உங்கள் மாணவர்களிடம் குறை காண வேண்டியதில்லை. வகுப்பில் காட்டப்படுபவை எல்லாம் பொய்களாகவே இருந்தால், "இதுவும் பொய்தான்" என்ற விடை ஒவ்வொரு முறையும் சரியாகிவிடுகிறது. அதையே அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே நீங்கள் கொடுக்கும் பயிற்சித் தாளில் பாதியாவது உண்மைச் செய்திகளாக இருக்கட்டும். அவற்றிலும் நம்ப முடியாததுபோல் தோன்றி, சரிபார்க்கும்போது உண்மை என்று தெரியவருபவற்றைத் தேடிச் சேருங்கள்.

அடுத்தது, பார்க்கும் முறை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, அவர்கள் அவற்றை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று அருகிலிருந்து கவனித்தார்கள். அவற்றுள் இரண்டு, குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்கள். ஒன்று அமெரிக்காவில் 1930இல் தொடங்கப்பட்டு, பல்லாயிரம் மருத்துவர்களை உறுப்பினர்களாகக் கொண்டது. மற்றொன்று 2002இல் அதிலிருந்து பிரிந்து சென்ற சிலர் தொடங்கிய சிறிய அமைப்பு. பெயர்களும் பக்க வடிவமைப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மாணவர்களும், வியப்பூட்டும் வகையில் அறிஞர்களில் பலரும், கொடுத்த பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்து, எழுத்து நடையையும் மேற்கோள்களையும் தளத்தின் முகவரியையும் எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறினார்கள். வேறு டேப்களைத் திறந்து, இந்த அமைப்பு யாருடையது, பிறர் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். அதன் பிறகே, தேவைப்பட்டால், பக்கத்துக்குத் திரும்பினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்களே.

இது உங்கள் சிக்கலுக்கு நேரடியாக உதவும் என்று ஏன் நினைக்கிறேன் என்றால், ஒரு பக்கத்தை உற்று உற்றுப் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வளர்கிறது. ஒரு எழுத்துப் பிழையும் ஒரு விளம்பரமும்கூட ஆதாரமாகத் தோன்றத் தொடங்கிவிடும். வெளியே சென்று தேடுபவருக்கோ ஒரு முடிவு கிடைக்கிறது, அது "இதை நம்பலாம்" என்பதாகவும் இருக்கலாம். படங்களுக்கும் இதுவே பொருந்தும். விரல்களையும் நிழல்களையும் உற்றுப் பார்த்துச் செயற்கைப் படத்தைக் கண்டுபிடிக்கக் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தக் குறைகள் விரைவிலேயே மறைந்துவிடும். அந்தப் படம் முதன்முதலில் எங்கே, எப்போது, யாரால் வெளியிடப்பட்டது என்ற தேடல் பழையதாகப் போவதில்லை.

மறுமொழி 2 (உளவியல் முதுகலை மாணவர்)

நூலகர் கூறியதை ஏற்கிறேன். ஆனால் மாணவர்கள் தேட மறுப்பதற்குத் திறன் குறைவு மட்டுமே காரணம் அன்று. தாம் ஏற்கெனவே நம்புவதை யாரும் சோதித்துப் பார்க்க விரும்புவதில்லை. இதை வகுப்பில் ஐந்து நிமிடங்களில் உணர வைக்கலாம். 1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் வடிவமைத்த சோதனை அதற்குப் போதும். "2, 4, 6 என்ற எண்கள் என் மனத்தில் உள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன; நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லுங்கள், பொருந்துகின்றனவா என்று மட்டும் நான் சொல்வேன், அதை வைத்து விதியைக் கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலோர் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொல்லி, ஒவ்வொரு முறையும் "பொருந்துகிறது" என்ற பதிலைப் பெற்று, இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று உறுதியாக அறிவிப்பார்கள். உண்மையான விதியோ, ஏறுவரிசையில் உள்ள ஏதேனும் மூன்று எண்கள் என்பதுதான். 1, 2, 50 என்றோ 6, 4, 2 என்றோ கேட்டுப் பார்க்க, அதாவது தம் ஊகம் தவறாகுமா என்று சோதிக்க, பலருக்குத் தோன்றுவதே இல்லை. "எல்லாம் பொய்" என்பதும் அப்படிப்பட்ட ஒரு விதிதான். அதற்குப் பொருந்தும் எடுத்துக்காட்டுகள் தினமும் கிடைக்கும். பொருந்தாதவற்றை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பலர் பொய்யை ஃபார்வர்ட் செய்வது அதை நம்பியதால் அன்று, யோசிக்காததால்தான். பென்னிகுக், ராண்ட் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு செய்தித் தலைப்பு சரியானதா என்று மதிப்பிடும்படி ட்விட்டர் பயனர்கள் 5,000க்கும் மேற்பட்டோருக்குச் செய்தி அனுப்பினார்கள். அதன் பிறகு அவர்கள் பகிர்ந்த செய்திகளின் தரம் சற்றே உயர்ந்தது. பெரிய மாற்றம் என்று கூற முடியாது. ஆனால் பகிரும் முன் "இது சரிதானா?" என்று கேட்டுக்கொள்வது செலவில்லாத பழக்கம்.

மறுமொழி 3 (அறிவியல் ஆசிரியர்)

மேலே இருவரும் முறைகளைப் பற்றிக் கூறியுள்ளார்கள். முறை மட்டும் போதாது என்பது என் கருத்து. வேறு டேப்பைத் திறந்து தேடிய மாணவர் அங்கே ஒரு மருத்துவ அமைப்பின் கருத்தைக் கண்டாலும், "அவர்களும் கூட்டாளிகள்தான்" என்று கூறினால் என்ன செய்வோம்? ஓர் அமைப்பை ஏன் நம்பலாம் என்பதற்கான காரணத்தையும் கற்பிக்க வேண்டும்.

அதற்கு நான் பயன்படுத்துவது தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்ற கூற்றின் வரலாறு. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் வெறும் 12 குழந்தைகளை வைத்து, அப்படியொரு தொடர்பு இருக்கலாம் என்று எழுதிய கட்டுரை, புகழ்பெற்ற மருத்துவ இதழான 'தி லான்செட்'டில் வெளியானது. மாணவர்கள் உடனே, "பார்த்தீர்களா, பெரிய இதழே தவறு செய்திருக்கிறது" என்பார்கள். உண்மைதான்; அதை மறைக்கக் கூடாது. ஆனால் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் பல ஆண்டுகள் அதைத் தோண்டினார். 2004இல் இணையாசிரியர்களில் பெரும்பாலோர் அந்த முடிவிலிருந்து விலகினார்கள். 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 6,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. தவறு நடந்ததையும் அது திருத்தப்பட்டதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், தன் தவறை வெளியில் சொல்லும் கட்டாயத்துக்கு உட்பட்ட அமைப்புக்கும், அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாத ஒரு காணொளிக்காரருக்கும் உள்ள வேறுபாடு புரிகிறது. திருத்தம் வர 12 ஆண்டுகள் ஆயின என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். அந்தத் தாமதத்தைப் பற்றிய அவர்களுடைய கோபம் நியாயமானது.

ஆசிரியையின் பதில்

மூவருக்கும் நன்றி. உண்மைச் செய்திகளைப் பாதிக்குப் பாதி கலப்பதை அடுத்த வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறேன். ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. "உண்மை", "பொய்" என்று இரண்டே விடைகளைக் கேட்டால், ஊகித்தவருக்கும் ஆராய்ந்தவருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கிறதே?

மறுமொழி 4 (பள்ளி நூலகர்)

விடைக்குப் பதிலாக நிகழ்தகவைக் கேளுங்கள். வானிலை முன்னறிவிப்புகளை மதிப்பிடுவதற்காக 1950இல் கிளென் பிரையர் முன்வைத்த கணக்கு இதற்குப் பொருத்தமானது. ஒவ்வொரு செய்தியும் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 1 வரை மாணவர் எழுத வேண்டும். செய்தி உண்மையானால் 1, பொய்யானால் 0. மாணவர் எழுதிய எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டின் வர்க்கமே தண்டம்; குறைவாகப் பெறுபவரே வெல்கிறார். உண்மைச் செய்திக்கு 0.9 எழுதியவருக்குத் தண்டம் 0.01. அதற்கே 0.1 எழுதியவருக்கு 0.81. பாதி உண்மை, பாதி பொய் உள்ள தாளில் எல்லாவற்றுக்கும் 0 எழுதும் மாணவரின் சராசரி 0.5, "எனக்குத் தெரியவில்லை" என்று எல்லாவற்றுக்கும் 0.5 எழுதியவரின் சராசரி 0.25. எதையும் நம்பாதவர், தெரியாது என்று ஒப்புக்கொண்டவரைவிடப் பின்தங்குவதை மாணவர்களே கரும்பலகையில் கணக்கிட்டுப் பார்க்கட்டும். முதல் சுற்றைத் தேடாமலும், இரண்டாவது சுற்றை ஒரு செய்திக்கு மூன்று நிமிடங்கள் தேட அனுமதித்தும் நடத்தினால், தேடலால் எவ்வளவு தண்டம் குறைந்தது என்பதும் அவர்களுக்கே தெரிந்துவிடும்.