பழைய டெஸ்க்டாப்ல இருந்து நாஸுக்கு (NAS, வீட்டு நெட்வொர்க்ல மாட்டி எல்லாரும் ஃபைல் வச்சுக்குற ஸ்டோரேஜ் பெட்டி) மாறினவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். எங்க வீட்டு சிஸ்டம் 2009ல ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணது. கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. சிபியுவ பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டினாத்தான் ஃபேன் சத்தம் அடங்கும், அப்படியே வருஷக்கணக்கா ஓட்டிட்டோம். போன தீபாவளிக்கு முன்னாடி டிஸ்க்குக்குள்ள இருந்தே டிக் டிக்னு சத்தம் வர ஆரம்பிச்சதும்தான் பயம் வந்துச்சு, ரெண்டு டிஸ்க் போடுற நாஸ் பெட்டி ஒண்ண வாங்கி மோடம் பக்கத்துல வச்சேன்.

பெட்டிய செட் பண்ண அரை மணி நேரம் கூட ஆகல. மிச்ச வம்பெல்லாம் பழைய சிஸ்டத்தோடதான்.

முதல்ல எக்ஸ்பியில நாஸே தெரியல. நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற முறைகள்ல எக்ஸ்பிக்கு ரொம்பப் பழைய எஸ்எம்பி 1 மட்டும்தான் புரியும், புது நாஸ்ல அது ஆஃப்ல இருக்கு. ஆன் பண்ணிக்கலாம், ஆனா 2017ல ஃபைல பூட்டிட்டு காசு கேட்ட வான்னாக்ரை வைரஸ் ஊரெல்லாம் பரவினது அதுல இருந்த ஓட்டை வழியாத்தான்னு தெரிஞ்சப்புறம் எனக்கு மனசு வரல. டிஸ்க்க கழட்டி யூஎஸ்பி டாக்ல மாட்டி லேப்டாப் வழியா காப்பி போட்டேன். 380 ஜிபி, வேகம் செகண்டுக்கு 11 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குது, பத்து மணி நேரம்னு காட்டுது. டிஸ்க் சாகப்போகுது அதான்னு நெனச்சிட்டேன். கடைசில பாத்தா லேன் கேபிள். வீட்டுக்கு நெட் போட வந்தவர் கிரிம்ப் பண்ணிக் குடுத்த கேபிள், கனெக்டர வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா எட்டு ஒயருக்கு நாலுதான் உள்ள இருக்கு. நாலு ஒயர்ல 100 எம்பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 12 எம்பி போல, அது வரைக்கும்தான் போகும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். கடையில ரெடிமேட் கேபிள் வாங்கி மாத்தினதும் 50, 60னு போச்சு, பழைய டிஸ்க்குக்கு அதுவே ஜாஸ்தி.

அடுத்தது அப்பாவோட லெட்டருங்க. கோயில் கமிட்டி, ஈபி ஆபீஸ், சொந்தக்காரங்கன்னு மொத்தம் 212 ஃபைல். தேதி வாரியா அடுக்கலாம்னு பாத்தா எல்லாமே 1 ஜனவரி 2009, நேரம் எல்லாம் ராத்திரி பன்னெண்டுல இருந்து ஒண்ணரைக்குள்ள! மதர்போர்டுல கடிகாரத்துக்குன்னு இருக்குற சின்ன பேட்டரி எப்பவோ செத்துருச்சு, அம்மா ராத்திரி பிளக்கையும் சேத்து ஆஃப் பண்ணிருவாங்க, அதனால ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் கடிகாரம் புதுவருஷத்துலயே போய் நிக்குது. ஃபோட்டோக்கு பிரச்சனை இல்ல, கேமரா எழுதின தேதி ஃபைலுக்குள்ளயே இருக்கு. லெட்டர் உள்ள பாத்துக்கலாம்னா அப்பா வேர்டுல தானா மாறுற தேதியப் போட்டு வச்சிருக்காரு, எத தொறந்தாலும் இன்னைக்குத் தேதி.

அதுலயும் எல்லாம் பாமினி ஃபாண்ட், இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் வடிவத்த வச்ச பழைய ஃபாண்ட். லேப்டாப்ல தொறந்தா "அன்புள்ள" எம், டி, செமிகோலன், ஜி, எஸ்னு இங்கிலீஷ் எழுத்தா நிக்குது, நாஸ்ல என்ன தேடினாலும் சிக்காது. நல்லவேளை ஃபாண்ட் ஃபைல் அதே டிஸ்க்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருந்துச்சு. டிஸ்க்க தூக்கிப் போடுறவங்க முதல்ல அந்த ஃபாண்ட்ஸ் ஃபோல்டர எடுத்து வச்சுக்கோங்க.

இன்னொண்ணு. தம்பி "ஒரே ஃபைல் ரெண்டு ரெண்டா இருக்கு"ன்னு கிளீன் பண்றேன்னு ஸ்கேன் ஃபோல்டர் முழுசையும் டெலிட் பண்ணிட்டான். நெட்வொர்க் டிரைவ்ல அழிச்சா லேப்டாப்போட ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நாஸ்ல அதுக்குத் தனியா ஒரு செட்டிங் ஆன் பண்ணணும், நான் பண்ணல. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும், ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி எழுதுதுன்னு வீட்ல பெருமையா சொல்லிட்டு இருந்தேன், ரெண்டுலயும் ஒரே மாதிரி அழிஞ்சிருச்சு. பீரோவுல துணி சுத்தி வச்சிருந்த அந்த டிக் டிக் டிஸ்க்தான் காப்பாத்துச்சு.

---

எங்க வீட்ல 2010 ஐமேக். ஆர்சிங்க்னு ஃபைல் காப்பி பண்ற புரோகிராம்ல நாஸுக்கு அனுப்பினேன், எல்லாம் போச்சு, ஆனா "கொடைக்கானல்"னு ரெண்டு ஃபோல்டர். ஒண்ணு ஏற்கனவே விண்டோஸ் லேப்டாப்ல இருந்து போட்டது. எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான், எப்படி ஒரே பேர்ல ரெண்டு இருக்கும்னு மண்டை காஞ்சிருச்சு. பழைய மேக்ல "கொ"வுல வர்ற குறிய கொம்பு தனியா கால் தனியா பிரிச்சுதான் சேமிக்குமாம், விண்டோஸ்ல அது ஒரே எழுத்து. கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. "கோவை", "தோட்டம்" எல்லாம் இதே கதைதான், "சென்னை", "மதுரை" தப்பிச்சிருச்சு. ஆர்சிங்க் 3ல இத மாத்தி அனுப்ப வழி இருக்கு, மேக்கோட வந்த பழைய வெர்ஷன்ல இல்ல. நான் உக்காந்து கையாலயே ஒவ்வொண்ணா சேத்தேன்.

---

நான் பெட்டி வாங்கல, பழைய பிசிலயே ஓப்பன் மீடியா வால்ட்னு இலவச நாஸ் சாஃப்ட்வேர் போட்டு நாஸ் ஆக்கினேன், பைசா செலவில்லைன்னு ஒரே சந்தோஷம். அப்புறம் பிளக்ல மீட்டர் வச்சுப் பாத்தா சும்மா இருக்கும்போதே 70 வாட் தின்னுது. 24 மணி நேரமும் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட். ஏசி ஓடுற மாசத்துல ஏற்கனவே 500 யூனிட் விளிம்புல நிக்குற வீடு, அத தாண்டினா ரேட்டே வேற. இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் ஆன் பண்ணி பேக்கப் எடுத்துட்டு அணைச்சிடறேன், அதுக்கு ஓகே. முதல் ஆளு, லெட்டருக்கெல்லாம் தேதி எப்படி கண்டுபிடிச்சீங்க?

---

அப்பாவ பக்கத்துல உக்கார வச்சுதான். "இது கமலா கல்யாணத்துக்கு முன்னாடி, இது டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்ச வருஷம்"னு அவர் சொல்லச் சொல்ல ஃபைல் பேர்ல வருஷத்தப் போட்டுட்டே வரேன், 140 முடிஞ்சிருக்கு. நடுவுல "நான் இவ்வளவும் ஒரே ராத்திரியிலயா எழுதினேன்"னு வேற கேக்குறாரு. கரண்டுக்கு நாஸ இன்வெர்ட்டர் லைன்ல மாட்டியாச்சு. ஆனா அம்மா ராத்திரி பழக்க தோஷத்துல அந்த பிளக்கையும் ஆஃப் பண்ணிட்டு போறாங்க, மூணு நாள் காலைல வந்து பாத்தா லைட்டே எரியல. இப்ப சுவிட்ச் மேல செலோ டேப் ஒட்டி வச்சிருக்கேன்.