ஆஃப்செட் ஸ்மோக்கர்: ஒரு பக்கம் கருகுது, ஒரு பக்கம் வேகல

கேள்வி (முத்தியால்பேட்டை): பக்கவாட்டுப் பெட்டியில் நெருப்பு போட்டு, அந்தச் சூட்டிலும் புகையிலும் கறி வேகவைக்கிற ஆஃப்செட் ஸ்மோக்கர், 200 லிட்டர் டிரம்மில் செய்தது. கறி வைக்கிற வலை மட்டத்தில் நெருப்புப் பெட்டி பக்கம் 160 டிகிரி, புகைபோக்கி பக்கம் 105. விறகு சவுக்கு. உள்ளே தகடு போட்டா சரியாகுமா?

கடலூர் முதுநகர்: ஆகும்ங்க. 5 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல், பூச்சில்லாத இரும்பு) தகடு. ஜிஐ (துத்தநாகம் பூசினது) வேண்டவே வேண்டாம், சூட்டில் துத்தநாகப் புகை கக்கும். முதல் தகடு 20 செ.மீ.; பெட்டி வாயின் மேல்விளிம்பிலிருந்து கீழே சாயணும். அடுத்து 15 செ.மீ. அகலத்தில் மூணு, வலைக்கு 5 செ.மீ. கீழே, தட்டையா. தகடுகளுக்கு நடுவே இடைவெளி 1, 2, 3 செ.மீ.ன்னு கூடிக்கிட்டே போகட்டும். வெல்டு பண்ணிடாதீங்க, நகர்த்தி நகர்த்தித்தான் பிடிபடும். வலை முழுக்க பிரட் துண்டு அடுக்கிப் பாருங்க, எது முதல்ல கருகுதோ அங்கே இடைவெளி அதிகம்.

வில்லியனூர்: புகைபோக்கி டிரம் உச்சியில் இருந்தா தகடு மட்டும் பத்தாது, சூடு மேலாகவே ஓடிடும். உள்குழாயை வலை மட்டத்துக்கு இறக்குங்க. புகைபோக்கி திறந்தே இருக்கட்டும், காற்றைப் பெட்டிக் கதவில் குறைங்க.

கேட்டவர்: சாய்வுத் தகடு போட்டதும் ஒரே வெள்ளைப் புகை, கறி கசக்குது.

கடலூர் முதுநகர்: தகடு ரொம்ப இறங்கியிருக்கு. அடியில் விட்ட வழி புகைபோக்கி வாயைவிடச் சின்னதா இருந்தா நெருப்பு திணறும். கொஞ்சம் தூக்குங்க. சவுக்கு ஈரமா இருந்தாலும் இதே கதிதான்.