புதுப்பிப்பு: ஃபைண்டர் சரியாகிவிட்டது

ஃபைண்டரின் (தொலைநோக்கியின் மேல் இருக்கும், குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கி) குறுக்குக் கோட்டில் வியாழன் நிற்கிறது, தொலைநோக்கியின் ஐபீஸிலோ (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வெறும் இருட்டு, என்ன செய்வது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பகலிலேயே தொடங்கினேன், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி. 25 மி.மீ. ஐபீஸில் தூரத்து செல்போன் கோபுரத்தின் உச்சியை நடுவில் நிறுத்தி, குழாயை அசையாமல் இறுக்கிவிட்டு, அதே உச்சி குறுக்குக் கோட்டில் வரும்வரை ஃபைண்டரின் இரண்டு திருகுகளை மட்டும் திருப்பினேன். 6×30 ஃபைண்டரில் (6 மடங்கு பெரிதாக்கும், 30 மி.மீ. லென்ஸ் கொண்டது) படம் தலைகீழாகத் தெரிவதால் கை பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.

அப்புறம் இரவில் இன்னும் பெரிதாகக் காட்டும் 10 மி.மீ. ஐபீஸ் போட்டு, துருவ நட்சத்திரத்தில் கடைசித் திருத்தம். அது கிட்டத்தட்ட நகராமல் நிற்பது பெரிய வசதி. ஆனால் சென்னையில் 13 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்கே கட்டிடம் மறைக்காத மொட்டைமாடி வேண்டும்.

இப்போது வியாழன் நான்கு நிலவுகளோடு நேராக ஐபீஸில் வந்து நிற்கிறது. அடுத்து ஓரியன் நெபுலா. வழி காட்டிய எல்லோருக்கும் நன்றி!