டேங்குக்கு எத்தனை மில்லி? வானொலியில் பேசியவர்களும் கேட்டவர்களும் பகிர்ந்த அனுபவங்கள்

டெல்டாவில் வேளாண் நிகழ்ச்சி நடத்தியவர்

வானொலியில் பேச வருகிற பிள்ளைகளுக்கு முதலில் குரலைப் பற்றித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காரணும், 'ப' வரும் இடத்தில் காற்று இடிக்காமல் எப்படிச் சொல்லணும், மூச்சை எங்கே எடுக்கணும். எல்லாம் தேவைதான். இருந்தாலும், கேட்கிறவர் அந்த நேரத்தில் என்ன வேலையில் இருக்கிறார், கேட்டு முடித்ததும் என்ன செய்யப்போகிறார் என்று தெரியாவிட்டால் எந்தக் குரலும் போய்ச் சேராது. இதை எனக்குப் புரியவைத்தவர்கள் நேயர்கள். அவர்களில் ஒன்றிரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் நேரலை நிகழ்ச்சி சம்பா பருவத்தில் களைகட்டும். ஸ்டுடியோவில் வேளாண் விஞ்ஞானி ஒருவர், நான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை எடுத்து இணைப்புக் கொடுக்கும் தம்பி. ஒரு நாள் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார். "ஐயா, முதல்ல ரேடியோவக் குறைச்சுட்டுப் பேசுங்க" என்றேன். நேரலை செய்கிற எல்லோருக்கும் இதுதான் முதல் வேலை. பக்கத்தில் ரேடியோ அலறினால் அவர் குரலே சுற்றி வந்து கீச்சென்று கத்தும். வயலில் அங்கங்கே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்த மாதிரி காய்கிறது என்றார்.

"தூரைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. அடியில, தண்ணி மட்டத்துக்கு மேல, பழுப்பா சின்னச் சின்னப் பூச்சி. தட்டினா தண்ணியில விழுது."

பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிதான். விஞ்ஞானியும் தலையாட்டினார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியா இனிமேல் போடாதீர்கள், அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டுப் பட்டம் போட்டு நடுங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மருந்துக்கு வந்ததும் ஹெக்டேருக்கு இத்தனை மில்லி, அதை 500 லிட்டர் தண்ணீரில் கலக்கணும் என்றார்.

லைனில் சத்தமே இல்லை. அப்புறம் "சரிங்க" என்றார். புரிந்தவரும் 'சரிங்க' என்பார், புரியாதவரும் மரியாதைக்கு 'சரிங்க' என்பார். புரியாதவருடைய 'சரிங்க' கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைப் பிடிக்கிறவரைத்தான் நல்ல தொகுப்பாளர் என்று நான் சொல்வேன். குரல் வளமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ஐயா, உங்களுக்கு எத்தனை மா?" என்று குறுக்கே புகுந்தேன்.

"ஆறு மா இருக்குங்க."

"டேங்க் எத்தனை லிட்டரு?"

"பத்து லிட்டர் கைத்தெளிப்பாங்க."

விஞ்ஞானியைப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்துத் தாளில் கணக்குப் போட்டார். எங்கள் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர். ஹெக்டேருக்கு 500 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது 20 டேங்க். அந்தக் கணக்கில் டேங்குக்கு எத்தனை மில்லி என்று அவரே நிதானமாகச் சொன்னார். இந்தத் தடவை 'சரிங்க' உடனே வந்தது. "மேலாப்புல தூவாம தூர்ல படுற மாதிரி அடிக்கணும், அப்படித்தானுங்களே?" என்று அவரே மேற்கொண்டு கேட்டார். அன்று அந்த ஒரு கேள்வி போதும் என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஒலிபரப்புக்கு முன்பே ஒரு டீயை வாங்கிக் கொடுத்து, டேங்குக் கணக்கில் பேசிவிட்டுத்தான் உள்ளே அழைத்துப்போவேன். ஓரிருவருக்கு அது பிடிக்காது, அறிவியல் மொழி கெட்டுப்போகிறது என்பார்கள். வயலில் நிற்பவர் கையில் கால்குலேட்டர் இல்லை, மருந்து மூடிதான் இருக்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொருவர் பாபநாசம் பக்கத்துப் பெரியவர். திருச்சி நிலையம் 1939-லேயே தொடங்கியது. 1960-களில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது தஞ்சாவூர் மாவட்டத்தில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது, ரேடியோவில் கேட்டுத்தான் பலரும் விதை தேடிப் போனார்கள் என்பதால். அந்தக் காலத்து ஆள் இவர். "என்னத்தக் கேட்டு நம்பினீங்க?" என்று கேட்டேன். "ஆபீசருங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இல்ல தம்பி. பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் பேசுனாரு. எங்க வயல்ல இவ்வளவு கண்டுச்சுன்னு சொன்னாரு. அவரு வயல் எனக்குத் தெரியும். மறுநாள் நடந்து போயிப் பாத்துட்டு வந்தேன்."

போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் ஓர் ஆளைப் பேசவைக்கிறோமா என்பதுதான் விஷயம். அதனால் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கே போய்விடுவேன். பின்னால் பம்புசெட் ஓடும், யாராவது மாட்டை அதட்டுவார்கள். எடிட்டிங்கில் அதை நான் வெட்டுவதில்லை. பேசுகிறவர் ஊரையும், ஊரில் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லவைத்துவிடுவேன்.


கடலோரச் சமுதாய வானொலியில் வேலை செய்பவர்

அண்ணன் சொன்ன டேங்குக் கணக்கு எங்களுக்கும் பொருந்தும். இங்கே மில்லிக்குப் பதில் மணிநேரம்.

சமுதாய வானொலிக்கு 100 வாட் திறன்தான், கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டினால் பெரிது. அதாவது வலை விரிக்கிற இடத்துக்குப் போனபின் பெரும்பாலானவர்களுக்கு எங்கள் அலை கிடைக்காது. சொல்ல வேண்டியதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடணும்.

நாங்கள் வானிலை அறிக்கையை வந்தபடியே படித்துக்கொண்டிருந்தோம். "குமரிக்கடல், மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய தென்மேற்கு வங்கக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்." வரிக்கு வரி சரியான செய்தி. ஒரு நாள் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஓர் அக்கா பிடித்துக்கொண்டார். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஏ தம்பி, நாளைக்கிக் காத்துன்னு படிச்சியே, எது நாளைக்கி? எங்க வீட்டு ஆளு ராத்திரி ரெண்டு மணிக்கிப் படகை எறக்குது. அது இன்னைக்கா, நாளைக்கா?"

ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போகிறவருக்கு நாள் எங்கே தொடங்குகிறது என்று நாங்கள் யோசித்ததே கிடையாது. அப்போதிருந்து 'இன்று', 'நாளை' இரண்டையும் நம்பிப் படிப்பதில்லை. "வியாழக்கிழமை ராத்திரி படகு இறக்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். அடுத்து, போகலாமா வேண்டாமா. பிறகு எந்த மணியிலிருந்து எந்த மணி வரை. காற்றின் வேகமும் அலையின் உயரமும் கடைசியில். அறிக்கையில் உள்ளதில் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, வரிசையை மட்டும் மாற்றுகிறோம். எச்சரிக்கை விஷயத்தில் சொந்தமாகச் சேர்க்க எங்களுக்கு உரிமையும் இல்லை, துணிச்சலும் இருக்கக்கூடாது. ஒக்கி, கஜா இரண்டு புயல்களையும் பார்த்த கரைகள் இவை.

அந்த அக்காவிடம் கற்றது இன்னொன்றும் உண்டு. கடலுக்குப் போகிறவர் பகலில் தூங்குகிறார். ரேடியோ கேட்பது வீட்டுப் பெண்கள். எழுப்பிக் கஞ்சி கொடுக்கும்போது செய்தியைச் சொல்வதும் அவர்களே. ஆகவே ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாறினாலும் சேதமாகாத அளவுக்கு வாக்கியம் சின்னதாக இருக்கணும். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முறை வாசித்து, 'இப்ப நீ எனக்குச் சொல்லு' என்போம். அவர் விட்டுவிடுகிற வார்த்தையை நாங்களும் விட்டுவிடலாமா என்று பார்ப்போம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கதையே வேறு. ஆண்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள், கை வேலை, காது சும்மா இருக்கும். அப்போது ஒரு மணிநேர நிகழ்ச்சியைக்கூட உட்கார்ந்து கேட்பார்கள்.


யாழ்ப்பாணத்தில் கேட்டு வளர்ந்தவர்

நான் ஒலிபரப்பாளன் இல்லை, கேட்டவன். கேட்கிறவர் பக்கத்திலிருந்து ஒரு அனுபவம்.

1990-களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்டோம். பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலி, எல்லாம் சிற்றலை. சுற்றுகிற வேகம் குறைந்தால் ரேடியோவும் முனகும். முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்க, பெடியன்கள் நாங்கள் மாறி மாறிச் சுற்றுவோம். "தம்பி, விடாமல் சுத்தடா, தலைப்புச் செய்தி வரப்போகுது" என்று அப்பு சத்தம் போடுவார்.

கை உளைய உளையக் கேட்கிறவனுக்கு அலங்காரம் ஒன்றும் வேண்டாம். எங்கே நடந்தது, அது மட்டும் முதலில் தெரிந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஊரில் சொந்தம் இருந்தது. இரைச்சலுக்குள்ளே பளை என்றார்களா, பளாலி என்றார்களா என்று எங்களுக்குள் வாக்குவாதமே வரும். அத்தை பளையில் இருந்தார், அதனால் எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. பளாலி விமானத் தளம் என்று கூட ஒரு சொல் சேர்த்து வாசித்தால் உடனே தெளிந்துவிடும். முதலில் தலைப்பைச் சொல்லி, பிறகு விரிவாகச் சொல்லி, முடிவில் மீண்டும் தலைப்பைச் சொல்கிற முறையின் அருமை, நடுவில் அலை மங்கிப்போய்த் திரும்ப வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

1941-இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நின்றது. அன்றைக்கு நான் கைப்பேசியில் துல்லியமாகக் கேட்டேன், ஒரு சொல்லும் தவறவில்லை. இன்று அறிவிப்பாளராக இருக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். எல்லோருக்கும் துல்லியமாகத்தான் கேட்கிறது என்று நினைத்து வாசிக்காதீர்கள். ஊர்ப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு இடம் விடுங்கள்.


டெல்டாவில் வேளாண் நிகழ்ச்சி நடத்தியவர் (மறுமொழி)

பளை, பளாலி விஷயம் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஊர்ப் பெயரைப் போலவே காற்றில் தவறிப்போகிற இன்னொன்று போன் நம்பர்.

உழவர் அழைப்பு மையத்தின் எண்ணைச் சொல்லும்போது நான் செய்தது இது. பாட்டுக்கு முன்னால், "பாட்டு முடிஞ்சதும் ஒரு நம்பர் சொல்லப்போறேன், எழுத ஏதாவது எடுத்து வச்சுக்குங்க, எழுதத் தெரிஞ்ச பிள்ளை இருந்தா கூப்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிடுவேன். பாட்டு ஓடுகிற மூன்று நான்கு நிமிடம் அதற்குத்தான். பிறகு ஒன்று எட்டு பூஜ்யம் பூஜ்யம், சற்று நிறுத்தி, ஒன்று எட்டு பூஜ்யம், மறுபடி நிறுத்தி, ஒன்று ஐந்து ஐந்து ஒன்று. முதல் தடவை அவர்கள் எழுதும் வேகத்தில், இரண்டாம் தடவை சரிபார்க்கும் வேகத்தில். 'டபுள் ஜீரோ' சொல்வதில்லை, இரண்டு பூஜ்யமா, 'டபுள்' என்று ஏதாவது எண்ணா என்று குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். காலை 6 முதல் இரவு 10 வரை கூப்பிடலாம், காசு கிடையாது என்பதை எண்ணுக்கு முன்பே சொல்லிவிடணும். எழுதி முடித்தவர் ரேடியோ பக்கம் திரும்பவே மாட்டார், போனைத் தேடப் போய்விடுவார்.

கடலோரத் தம்பிக்கு: கடலோரக் காவல்படையின் 1554-ஐ நீங்கள் எந்த நேரத்தில், எப்படிச் சொல்கிறீர்கள்? நாலே எண் என்பதால் ஒரே மூச்சில் சொல்லிவிடத் தோன்றும். ஒவ்வோர் எண்ணாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, படகில் போகிறவர்களுக்கு எது மனதில் நிற்கிறது என்று அந்த அக்காவிடமே கேட்டு எழுதுங்கள்.